பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் முதல் துளிகளைக் கையாளும் முறை

செறிவு தெரிந்த ஒரு கரைசலுடன் வினைபுரியச் செய்து மற்றொரு கரைசலின் செறிவைக் கண்டறிவதே தரம்பார்த்தல். இங்கு ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் செறிவைக் கண்டறிகிறோம். கூம்புக் குடுவையில் 20 மி.லி. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டால் எடுத்து, அதனுடன் ஏறத்தாழ அதே அளவு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியசு வரை சூடாக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பெர்மாங்கனேட் அதையும் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது தொடக்கத்தில்தான். பியூரெட் எனும் அளவுக் குழாயிலிருந்து விழும் முதல் பெர்மாங்கனேட் துளியின் இளஞ்சிவப்பு உடனே மறையாது. அதை முடிவு நிலை (வினை முழுமையடைந்த கட்டம்) என்று எண்ணி நிறுத்திவிடாமல், குடுவையைச் சுழற்றியபடி பொறுமையாகக் காத்திருந்தால் நிறம் மெல்ல மங்கும். அவ்வாறு உருவாகும் மாங்கனசு அயனிகளே வினைவேக மாற்றியாகச் செயல்படுவதால், அடுத்தடுத்த துளிகள் விழுந்தவுடன் நிறமிழக்கின்றன. கரைசல் பழுப்பாகக் கலங்கினால், அமிலம் போதவில்லை அல்லது பெர்மாங்கனேட்டை விரைவாகச் சேர்த்துவிட்டோம் என்று பொருள். அந்த அளவீட்டைக் கைவிடுவதே நேர்மை.

வெளிறிய இளஞ்சிவப்பு 30 நொடிகள் நிலைத்தால் அதுவே முடிவு நிலை. தனி நிறங்காட்டி தேவையில்லை. அடர்நிறக் கரைசலாதலால் பியூரெட்டில் கரைசல் மட்டத்தின் மேல் விளிம்பையே படிக்க வேண்டும். 2 மோல் பெர்மாங்கனேட் 5 மோல் ஆக்சாலிக் அமிலத்துடன் வினைபுரிவதால், பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவானால் அதன் செறிவு 0.02 மோலார்.