கணிதத் துறையில் முதல் செமினார்: கரும்பலகையில் 50 நிமிடம்

ஆய்வு மாணவராகச் சேர்ந்து சில மாதங்களில் நெறியாளர் சொல்வார்: "அடுத்த மாசம் நீ ஒரு செமினார் கொடுத்துடேன்." கையில் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும். எதிரே உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பிரிவே பழக்கமிருக்காது. எப்படித் தயாராவது? எண் பிரிவினைகள் (வரிசையைப் பொருட்படுத்தாமல், ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எழுதும் விதங்கள்) பற்றி இராமானுஜன் கண்ட முடிவைத் தலைப்பாக வைத்தே பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு முடிவு

கட்டுரையில் ஆறு தேற்றங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். 1900இல் பாரிஸ் கணித மாநாட்டில் கணித மேதை ஹில்பர்ட்கூடத் தன் புகழ்பெற்ற 23 தீராத கணக்குகளில் 10ஐத்தான் மேடையில் சொன்னார்; மீதியை அச்சில் விட்டுவிட்டார். நாம் எடுப்பது இது: 5ஆல் வகுத்தால் மீதி 4 வரும் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பிரிவினைகளின் எண்ணிக்கை 5ஆல் மீதியின்றி வகுபடும்.

படி 2: வரையறைக்கு முன்னால் எடுத்துக்காட்டு

நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். என் முதல் பேச்சில் வரையறைகளுக்கே 35 நிமிடம் போய்விட்டது. தேற்றத்துக்கு வந்தபோது யாரும் கூட வரவில்லை. அதனால், பேசத் தொடங்கியதுமே போர்டில் எழுதுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. நான்கைக் கூட்டலாக எழுத ஐந்து விதம். 9க்கு 30 விதம், 14க்கு 135. எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். மூன்றும் 5ஆல் வகுபடுவதை அவர்களே பார்க்கட்டும்.

அப்புறம் அடுத்த கேள்வி: அந்தப் பிரிவினைகளை ஐந்து சம குவியல்களாக ஏதாவது இயல்பான வழியில் பிரிக்க முடியுமா? 1944இல் கணித அறிஞர் டைசன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிரிவினையிலும் மிகப் பெரிய எண்ணிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். நம் ஐந்துக்கும் வரிசையாக 3, 1, 0, -1, -3. 5ஆல் வகுத்து மீதி பார்த்தால் 3, 1, 0, 4, 2. ஐந்து மீதியும் ஒவ்வொரு முறை! இதை வந்திருப்பவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஆகும், ஆனால் அதற்குப் பிறகு அறை முழுவதும் உங்களோடு இருக்கும். மீதி 4 வரும் எல்லா எண்களுக்கும் இப்படியே ஐந்து சம குவியல் கிடைக்கும் என்று டைசன் ஊகித்ததைக் கணித அறிஞர்கள் ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டயரும் 1954இல் நிறுவினார்கள்.

படி 3: நிறுவலில் ஒரு யோசனை மட்டும்

முழு நிறுவலையும் எழுத ஆசை வரும். வேண்டாம். எந்த இடத்தில் 5 உள்ளே நுழைகிறது என்பதை மட்டும் காட்டுங்கள். மீதியைக் கேட்கிறவருக்குத் தனியாகச் சொல்லலாம்.

படி 4: போர்டைத் தாளில் வரைதல்

ஏ4 தாளில் போர்டை மூன்று பத்தியாகப் பிரித்து, எந்த வரி எங்கே வரும் என்று முன்பே எழுதுங்கள். இடது ஓரத்தில் தேற்றம். கடைசிவரை டஸ்டர் அதைத் தொடக்கூடாது. கடைசி பெஞ்சுக்குத் தெரியும் அளவு எழுத்து. எழுதும்போதே வாயாலும் சொல்லுங்கள்.

படி 5: காலி வகுப்பறையில் ஒத்திகை

வேறு பிரிவில் படிக்கும் நண்பர் ஒருவரை உட்கார வைத்து, சாக்பீஸோடு முழுதாக ஒருமுறை. 40 நிமிடத்தில் முடிந்தால் சரி. கேள்விகள் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 6: கேள்விகள்

கேள்வியை ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாவிட்டால் "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம். பேராசிரியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அன்று மாலையே அந்தக் கேள்விகளைக் கேட்டவர் பெயரோடு நோட்டில் எழுதிவையுங்கள். பதில் கிடைத்ததும் அவர் அறைக்கே போய்ச் சொல்லுங்கள்.