சீரியலில் அழவைக்கும் முகத்தைக் கலர் ஃபிலிமில் எடுப்பது எப்படி

பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு ஒரு தமிழ் சீரியல், அது முடிந்ததும் ஒரு மலையாள சீரியல் என்று மாறி மாறி ஓடும். மொழி எதுவானாலும் நம்மை அழவைக்கும் வித்தை ஒன்றுதான். பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேமரா கேட்டுக்கொண்டிருப்பவரிடம் போய் நின்றுவிடும். மகன் தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லும்போது நாம் பார்ப்பது மகனை இல்லை, அம்மாவின் உதட்டை. அந்த ஒரு கணத்தை ஒரே படத்தில் பிடிக்க முடியும், அதற்குக் கலர் ஃபிலிமைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. இதுவரை ரோலையே தொடாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கேமரா. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடுகிற பழைய மேனுவல் கேமரா ஒன்று போதும். பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3 மாதிரி ஏதாவது, கூடவே 50 எம்எம் லென்ஸ். வாங்கும்முன் பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் அதை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புக் கோடு விழும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே பூஞ்சை நூல் நூலாக ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபிலிம்: வெளியே எடுக்க கோடக் கோல்டு 200, வீட்டுக்குள் என்றால் அல்ட்ராமேக்ஸ் 400. இந்த எண் ஃபிலிமின் வேகம் (ஐஎஸ்ஓ), எண் பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும்.

லோடு செய்யும்போது ஃபிலிம் நுனியை வலப்பக்கச் சுருளில் செருகி, லீவரை ஒருமுறை இழுத்து, பல்லில் ஓட்டைகள் சரியாக உட்கார்ந்த பிறகு மூடுங்கள். அடுத்த இழுப்பில் இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் நகரவில்லை என்று அர்த்தம், மறுபடி திறந்து மாட்டுங்கள்.

இனி முக்கியமான இடம், வெளிச்சம். கலர் நெகட்டிவ், அதாவது இந்த வகை ஃபிலிம், அதிக வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்கவே தாங்காது, நிழலெல்லாம் சேறு மாதிரி கலங்கிவிடும். அதனால் 400 ஃபிலிமைப் போட்டுவிட்டு, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் 200 என்று வையுங்கள். வெளிச்சம் படும் கன்னத்தை விட்டுவிட்டு, நிழலில் இருக்கும் கன்னத்தின் அருகே போய் மீட்டர் பாருங்கள். வாசலோரம் செட்டுமுண்டு உடுத்தி உட்கார்ந்திருக்கும் அம்மாயியை இப்படி எடுத்தால் முண்டின் வெள்ளையில் மடிப்புகள் அப்படியே இருக்கும், முகத்தின் கறுப்பிலும் சூடு குறையாது. கலர் ஃபிலிமின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணமே இதுதான்.

ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இந்த ஃபிலிம்கள் பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை, ட்யூப்லைட்டில் முகம் பச்சையடிக்கும். ஆனால் பின்னால் சாமி அறையில் ஒரு குண்டு பல்பு எரிந்தால் அது இருக்கட்டும், ஆரஞ்சாகப் பரவி அழகாக வரும். ஆளை ஜன்னலுக்கோ வாசலுக்கோ பக்கவாட்டில் உட்கார வைத்து, அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) 2.8, ஷட்டர் 1/60 விநாடி என்று ஆரம்பித்து மீட்டர் சொல்வதுபோல மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

அப்புறம், யாரையும் "இங்க பாருங்க" என்று கூப்பிடாதீர்கள். படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு, அத்தையையோ மாமாவையோ பழைய கதை ஒன்றைப் பேசவிடுங்கள், கல்யாணத்தில் நடந்த சண்டை, பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி கட்டிப் போனது, எதுவானாலும் சரி. நீங்கள் கேட்கிறவர் முகத்திலேயே இருங்கள். பேச்சு நின்றதும் ஒரு சின்ன இடைவெளி வரும், தாடை லேசாக இறுகும், கண் தரையைப் பார்க்கும். அப்போது அழுத்துங்கள். முந்தானை கண்ணுக்குப் போய்விட்டால் கணம் தாண்டிவிட்டது. ரோலில் 36 படம்தான் என்பதால் தானாகவே காத்திருக்கப் பழகுவீர்கள், ஃபோனில் எனக்கு இந்தப் பொறுமை வருவதில்லை.

ரோல் முடிந்ததும் அடியில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு, இடப்பக்கக் குமிழின் கைப்பிடி இறுக்கம் விட்டுச் சுலபமாகச் சுற்றும்வரை திருப்பிச் சுற்றுங்கள். அதுவரை பின்கதவைத் திறக்கவே கூடாது. கழுவக் கொடுக்கும்போது சி-41 என்று சொல்லுங்கள், கலர் நெகட்டிவைக் கழுவும் முறையின் பெயர் அது. டெவலப்பர் என்ற கழுவும் திரவம் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி என்று கணக்காக ஓடும் வேலை, முதல் ரோலை வீட்டில் முயலாமல் லேபிடம் விடுவதே நல்லது. ஸ்கேனோடு நெகட்டிவையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் சில இடங்களில் தருவதில்லை. ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குமுன் அவற்றை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.