நாற்பது நாள் தங்கல்: முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் விடியும் முன் வள்ளத்தில் போய் மதியம் கரை சேரும் தொழில் வேறு, தேங்காப்பட்டணத்திலோ கொச்சி தோப்பும்படியிலோ படகேறி முப்பது, நாற்பது நாள் ஆழ்கடலில் மீன்பிடித்துத் திரும்பும் தங்கல் வேறு. முதல் தடவை போகிறவர்கள் புயலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஒக்கி வந்த 2017 நவம்பர் 30-ஐ இந்தக் கரை மறக்காது, பயம் நியாயமானதே. என்றாலும் பெரும்பாலான நாட்களில் புயல் இருக்காது. தண்ணீர், தூக்கம், ஐஸ், அடுப்பு இவைதான் இருக்கும். தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

தண்ணீரைக் கண்மதிப்பாக ஏற்றாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் வைத்தால், பன்னிரண்டு பேருக்கு நாற்பது நாளைக்கு 3,840 லிட்டர். இதில் குளியல் சேரவில்லை. என்ஜின் பழுதாகி ஐந்து நாள் தாமதமானால் இன்னும் 480 லிட்டர் வேண்டும். அதைவிடப் பெரிய தவறு முழுவதையும் ஒரே டாங்கில் வைப்பது. ஒரு விரிசல் வழியாகக் கடல்நீர் புகுந்தால் அத்தனையும் வீண். கால் பங்காவது மூடி இறுகிய தனிக் கேன்களில் இருக்க வேண்டும். மழை வந்தால் தார்ப்பாய் விரித்துப் பிடிக்கலாம், ஆனால் பாயில் படிந்த உப்பு கழுவிப் போகும் வரை முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். குளிக்கக் கடல்நீர் போதும். கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரால் அக்குளையும் தொடையிடுக்கையும் மட்டும் கழுவாவிட்டால், காய்ந்த உப்பு உராய்ந்து பத்தாம் நாள் புண்ணாகும். கடல்நீரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான நீரை உடல் இழக்க நேரும்.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். பச்சை மரச்சீனி (மரவள்ளி)க் கிழங்கை மூட்டை மூட்டையாக ஏற்றுவதில் பயனில்லை, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். அரிந்து உலர்த்திய கிழங்கைக் கொண்டுபோங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே சாக்கில் போடாமல் காற்றோட்டமாகத் தனித்தனியே தொங்கவிடுங்கள்.

தூக்கக் குறைவு உயிரைப் பறிக்கக்கூடியது. லட்சத்தீவின் மினிக்காய்த் தீவுக்குத் தெற்கே எட்டு டிகிரி கால்வாய், வடக்கே ஒன்பது டிகிரி கால்வாய். இரண்டிலும் இரவு பகலாகப் பெரிய கப்பல்கள் ஓடுகின்றன. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் எதிரே வரும் கப்பலும் 8 நாட் வேகத்தில் போகும் உங்கள் படகும் பத்து கடல் மைல் இடைவெளியை ஏறத்தாழ 21 நிமிடத்தில் கடந்து நேருக்கு நேர் வந்துவிடும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், அந்த நேரம் போய்விடும். சரக்கு நிறைந்த கப்பலின் ஓட்டுமேடையில் (பிரிட்ஜ்) நிற்பவருக்கு முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் தெரியாமலிருக்கச் சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. அந்த மறைவுக்குள் போய்விட்டால் டார்ச் அடித்தும் பயனில்லை. ஆகவே காவலுக்கு இருவர், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று எழுதித் தொங்கவிடுங்கள். பகல் முழுக்கத் தூண்டில் இழுத்தவரை முதல் ராக்காவலில் உட்கார வைக்காதீர்கள். தூண்டில் தொழிலிலோ இழுவலை அல்லாத வலைத் தொழிலிலோ இருக்கும் படகுக்கு இரவில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை விளக்கு. மீனை ஈர்க்கவோ வேலைக்காகவோ தளத்தில் எரியும் பெரிய விளக்குகள் இந்த இரண்டையும் மறைத்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் வெளிச்சம் தெரியுமே தவிர, இது என்ன படகு, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது.

ராத்திரியில் தனியாக ஓரத்துக்குப் போய்ச் சிறுநீர் கழிக்காதீர்கள். 8 நாட் வேகத்தில் படகு நிமிடத்துக்குச் சுமார் 250 மீட்டர் போகும். விழுந்தவரின் சத்தம் என்ஜின் இரைச்சலில் கேட்காது. வாளியில் போய்க் கொட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாராவது விழுந்தால் கையில் கிடைக்கிற மிதவையை எல்லாம் வீசுங்கள், ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைப் பதியுங்கள், ஒருவர் வேறு வேலை எதுவும் செய்யாமல் விழுந்தவரையே விரலால் காட்டிக்கொண்டு நிற்கட்டும். படகில் அசாம், ஒடிசா தம்பிகள் இருந்தால் 'ஆள் விழுந்தாச்சு', 'தீ', 'நிறுத்து' என்ற சொற்கள் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துறையிலேயே ஒருமுறை சொல்லிப் பழக்குங்கள்.

மீன் அறைக்குள் அவசரமாக இறங்குவது இன்னொரு ஆபத்து. அடியில் தேங்கிய ரத்தத் தண்ணீரும் அழுகிய மீன் துண்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். முதலில் முட்டை அழுகிய நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். மயங்கி விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதித்தால் அவரும் விழுவார். மூடியை நன்றாகத் திறந்து காற்று ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரை நிறுத்திய பிறகே இறங்குங்கள்.

ஐஸை மிச்சம் பிடிப்பது முழுத் தங்கலையும் நட்டமாக்கும். நம் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸாவது வேண்டும். கேரை, சூரை மீன்களின் உடற்சூடு கடல்நீரைவிட அதிகம். பிடித்தவுடன் ரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் பொடித்த ஐஸ் திணிக்க வேண்டும். தளத்தில் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். ஒருமுறை உண்டானால் பிறகு ஐஸ் போட்டாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இன்சுலினை நேரடியாக ஐஸ் மேல் வைக்கிறார்கள். உறைந்தால் மருந்து கெட்டது, பிறகு உருகினாலும் போடக்கூடாது. துணி சுற்றி, சின்னப் பெட்டியில், ஐஸ் படாமல் வையுங்கள். தூண்டில் முள் குத்தாமல் தங்கல் முடிவதில்லை, எனவே டெட்டனஸ் ஊசி கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல். மீன் நிறையக் கிடைக்கிறது என்று அந்த மூன்றாவது பங்கைத் தொட ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்) சொன்னாலும் விடாதீர்கள். தெற்கே மீனைத் துரத்திப் போகும்போது எல்லைக் கோடுகளை ஜிபிஎஸ்ஸில் முன்பே போட்டு வையுங்கள். மாலத்தீவுக் கடலும், 2010-ல் காப்புக் கடலாக அறிவிக்கப்பட்ட சாகோஸ் தீவுகளின் சுற்றுவட்டமும் தெரியாமல் நுழைந்தாலும் சிறையும் அபராதமும்தான்.

விஎச்எஃப் வயர்லெஸ் அடிவானத்தைத் தாண்டிப் பெரிதாக எட்டாது. 16-ஆம் சானலில் கூப்பிட்டுக் கரை கேட்கும் என்று நம்ப வேண்டாம், பக்கத்துப் படகுக்குத்தான் அது. ஆழ்கடலில் கரைக்குச் சேதி சொல்ல 'டாட்' அபாயக் கருவி வேண்டும். தீ, மூழ்குதல், ஆள் விழுதல், மருத்துவ உதவி எனத் தனித்தனிப் பொத்தான் உண்டு. எது எதற்கென்று சமையல்காரர் உட்பட எல்லாரும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு தாள் கொடுங்கள்: படகின் பெயர், பதிவு எண், அந்தக் கருவியின் எண், ஏறியவர்களின் பெயர்கள், திரும்பும் தேதி, கடலோரக் காவல்படையின் 1554. தேதி தாண்டினால் அம்மாவோ மனைவியோ அந்தத் தாளைப் பார்த்துப் படிப்படியாகச் சொல்ல முடியும்.