பியாஃப்ராவும் நோமீன்ஸ்னோவும் இணைந்த ஆல்பத்தைக் கேட்கும் முறை
பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா, கனடாவின் விக்டோரியா நகரில் உருவான நோமீன்ஸ்னோ என்ற பங்க் ராக் (வேகமும் கலகத்தன்மையும் கொண்ட ராக் இசை) குழுவுடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ‘தி ஸ்கை இஸ் ஃபாலிங் அண்ட் ஐ வாண்ட் மை மம்மி’ ஆல்பத்தை எடுத்தவுடன் கேட்க வேண்டாம். முதலில், 1986இல் கலைந்த டெட் கென்னடீஸ் குழுவில் அவர் பாடியவற்றைக் கேட்டு, நடுங்கியபடி உயரும் அந்தக் குரலுக்குச் செவியைப் பழக்குங்கள். அடுத்து, நோமீன்ஸ்னோவின் 1989ஆம் ஆண்டு ஆல்பமான ‘ராங்’கில், ராப் ரைட்டின் பேஸ் கிட்டாரும் (தாழ்ந்த சுரங்களை இசைக்கும் கிட்டார்) அவருடைய தம்பி ஜான் ரைட்டின் டிரம்ஸும் பாடலை எவ்வாறு தாங்கி நடத்துகின்றன என்பதைக் கவனியுங்கள், கூட்டு ஆல்பத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதன் பிறகு கூட்டு ஆல்பத்தை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்தும், மறுமுறை பியாஃப்ராவின் அரசியல் நையாண்டியைப் புரிந்துகொள்ள வரிகளைக் கையில் வைத்துக்கொண்டும் கேளுங்கள்.