விண்டோஸ் மறுபடி போடும் முன் டிஸ்க்கைத் துடைப்பது

காட்பாடியில் காலேஜ் முடித்துக் கிளம்புகிற பசங்களிடம் பழைய லேப்டாப் வாங்கினால், டிஸ்க்கை முழுசாகத் துடைத்துவிட்டே விண்டோஸ் போடுங்கள். உங்கள் போட்டோ, சர்டிபிகேட் ஏதாவது ஏற்கெனவே அதில் ஏறியிருந்தால் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

அப்புறம் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து பூட் (ஸ்டார்ட்) செய்யுங்கள். டிஸ்க் பட்டியல் வரும் திரையில்தான் நிதானம் வேண்டும்: டிரைவ் 0, டிரைவ் 1 என்ற எண்ணை நம்பாமல் சைஸைப் பார்த்து, இதுதான் என்று உறுதியானபின் பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) ஒவ்வொன்றாக டெலீட் செய்து, 'அன்அலகேட்டட் ஸ்பேஸ்' (பிரிக்காத காலி இடம்) மட்டும் மிஞ்சியதும் நெக்ஸ்ட் கொடுங்கள், ஃபார்மேட்டை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் தாங்குமளவு பேட்டரி இருக்கட்டும்.

ஹார்டு டிஸ்க்கை விற்பதானால் இது போதாது, பழைய ஃபைல்களை மீட்க முடியும். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கமாண்ட் டூலில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்து 'கிளீன் ஆல்' கொடுங்கள், மணிக்கணக்கில் ஓடும்.