தலைக்கு மேல் போகும் விமானத்தை விட்டுவிடுங்கள்

"அண்ணே, பிளேன் போவுது, கூப்புடுங்க!"

திருவொற்றியூரில் எங்கள் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலி) இருக்கும் மொட்டை மாடிக்கு வரும் தம்பி ஒருவன் முதல் வாரம் முழுக்க இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தான். மேலே சத்தம் கேட்டால் போதும், கை மைக்குக்குப் போய்விடும். நாங்கள் பேச நினைத்த ஹைதராபாத்திலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

விமானத்தில் அலையை மோதவிட்டுத் தொலைவில் இருக்கும் இன்னொரு ஹாமோடு பேசப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பழைய ஆன்டெனா டிவியில் விமானம் போகும்போது படம் ஆடுமே, அதே சங்கதிதான் இது. 1935-இல் இங்கிலாந்தின் டாவென்ட்ரியில் பிபிசி சிற்றலை ஒலிபரப்பு ஒரு விமானத்தில் பட்டுச் சிதறியதைப் பிடித்துக் காட்டித்தான் பிரிட்டிஷ் ரேடார் வேலையே தொடங்கியது. ஆனால் நமக்கு உதவும் விமானம் நமக்கும் எதிர்முனைக்கும் நடுவழியில் இருக்க வேண்டும். இங்கிருந்து ஹைதராபாத் நேர்கோட்டில் சுமார் 515 கிலோமீட்டர். நடுப்புள்ளி நெல்லூருக்கு வடமேற்கே விழும். அங்கே 10 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு விமானம் அந்தக் கோட்டைக் கடந்தால் இரண்டு ஊருக்கும் அது 'தெரியும்'. அந்த உயரத்துக்கு ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 410 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் இறங்க 1 கிலோமீட்டர் உயரத்தில் வருவதற்கு வெறும் 130. நம் காதைக் கிழிப்பது அதுதான், உதவாததும் அதுதான்.

இதே கணக்கைப் போடாமல் போர்ட் பிளேருக்குக் கூப்பிடுபவர்களும் உண்டு. தினமும் விமானம் போகிறதே என்பார்கள். தூரம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். நடுக்கடலில் பறப்பது இரண்டு கரைக்குமே அடிவானத்துக்குக் கீழே. 800 கிலோமீட்டரைத் தாண்டினாலே கஷ்டம். விசாகப்பட்டினம் சுமார் 600. அதை முயன்று பாருங்கள்.

அடுத்தது, ஆன்டெனாவை வானத்தைப் பார்த்துத் தூக்குவது. நெல்லூர்ப் பக்கம் பறக்கும் அந்த விமானம் நம் அடிவானத்திலிருந்து ஒன்றரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி, அதற்குள் அடங்கிவிடும். ஆகவே யாகியை (ஒரே திசையில் அலையைக் குவிக்கும், பல கம்பிகள் கொண்ட ஆன்டெனா) படுக்கையாகவே வைத்து எதிர்முனை ஊரின் திசைக்குத் திருப்பினால் போதும். அந்தத் திசையில் பக்கத்து வீட்டு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் நின்றால்தான் வம்பு.

ரிப்பீட்டருக்காக (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) நிமிர்த்தி வைத்த ஆன்டெனாவோடு எஃப்எம்மில் கூப்பிடுவதும் வீண். சிதறி வருவது மெலிந்த சிக்னல். குறுகிய அலைவரிசையில் குரலை அனுப்பும் எஸ்எஸ்பி முறை அல்லது புள்ளி-கோடு மோர்ஸ்தான் தாங்கும். யாகியின் கம்பிகள் தரைக்கு இணையாக இருக்கட்டும், எதிர்முனையிலும் அப்படியே. வெளிநாட்டுக் கட்டுரையைப் பார்த்து 432 மெகாஹெர்ட்ஸில் இறங்கிவிடாதீர்கள். இந்தியாவில் ஹாம்களுக்கு அந்தப் பகுதியில் 434–438 என்றே இருந்துவந்திருக்கிறது. உரிமத்தை ஒருமுறை படித்துவிட்டு மைக்கைத் தொடுங்கள்.

பேச்சை இழுப்பதும் கெடுக்கும். விமானம் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் பறக்கிறது. குறுக்கே போனால் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். வணக்கம், சாப்பாடு ஆச்சா என்று ஆரம்பித்தால் அவர் பதில் சொல்லும்போது வாசல் மூடியிருக்கும். அழைப்புக் குறி (உரிமத்தில் தந்த அடையாளப் பெயர்), சிக்னல் அளவு, 'கேட்டது' என்று சொல்லும் ரோஜர், அவ்வளவுதான். விமானம் நகர்வதால் வரும் டாப்ளர் விளைவால் சுருதி லேசாக வழுக்கும், அதைத் துரத்தி டயலைத் திருகாதீர்கள். கோட்டைக் கடக்கும் கணத்தில் அது தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

விமானம் எங்கே என்று பார்க்க இணையதள வரைபடத்தை மட்டும் நம்பினால் சில நேரம் தாமதம் காட்டும். விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லும் 1090 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) ஒன்றை மாடியில் வையுங்கள்.

நம் கடற்கரைக்கே உரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் வங்கக் கடல் மேல் சூடான காற்று மூடிபோல் படிந்து, அலையைக் குழாய்க்குள் போவதுபோல் கொண்டுபோகும். விசாகப்பட்டினம் பக்கத்து வீடுபோல் கேட்கும். உடனே விமானத்தின் புண்ணியம் என்று எழுதி வைத்துவிடுவோம். மணிக்கணக்கில் நிலைத்து நின்றால் அது விமானமே இல்லை.

கடைசியாக கேபிள். ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் 144 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும், அதாவது நான்கில் ஒரு பங்கு பவர்தான் மேலே ஏறும். வடசென்னையில் உப்புக்காற்று வேறு. போன மழைக்குப் பிறகு எங்கள் யாகியின் இணைப்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது, நடுக்கம்பி கறுத்திருந்தது. ஒரு கம்பியில் யாரோ அறுத்துவிட்ட காத்தாடியின் நூல் சுற்றியிருந்தது. தம்பி நூலைப் பிரித்தான், நான் புது இணைப்பைச் சாலிடர் வைத்து, மேலே ரப்பர் டேப்பை மூன்று சுற்று இழுத்துச் சுற்றினேன். அன்று சாயங்காலம் நெல்லூர்ப் பக்கம் ஒரு விமானம் கோட்டைத் தொட்டபோது ஹைதராபாத்தின் குரல் 40 விநாடி கேட்டது.