பிரஷர் மாத்திரை சாப்பிடும் டிரைவர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது

நாமக்கல் வண்டிகளில் வடக்கே ஓட்டி ஓய்ந்து, இப்போது ஒரு லாரி ஆபீசில் டிரைவர்களின் காகித வேலைகளைப் பார்க்கிறேன். நானும் பிரஷர்காரன்தான். ரினிவல் நேரம் வந்தால் எங்கள் பையன்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிருமா?"

போகாது. சரியாக மாத்திரை சாப்பிட்டு அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குப் பயம் தேவையில்லை.

முதலில் காகிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 5 வருஷம் ஆயுள். கேஸ் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்களுக்கு 3 வருஷம். ஒவ்வொரு தடவையும் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பதிவு பெற்ற டாக்டர் ஆளை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதில் கேட்பதெல்லாம் கண், காது, கை கால். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் கார் நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான நிறக்குருடு இருக்கிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்று போகும். பிரஷர் எவ்வளவு என்று எழுத அதில் கட்டமே இல்லை.

பிரஷர் நுழைகிற இடம் வேறு. படிவம் 1-இல் நீங்களே கையெழுத்திட்டுச் சொல்லும் உறுதிமொழி இருக்கிறது. வலிப்பு உண்டா, எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவு தப்புவதோ தலைசுற்றலோ உண்டா என்று அதில் கேட்கிறார்கள். கட்டுப்படாத பிரஷரிலும் தலை சுற்றலாம், புது மாத்திரையிலும் சுற்றலாம். புரோக்கர் நீட்டுகிற இடத்தில் எல்லாம் 'இல்லை' என்று டிக் அடிக்காமல், அந்த வரியை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள். தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அமெரிக்காவில் லாரி டிரைவருக்கு எண்ணே வைத்துப் பார்க்கிறார்கள். 140/90-க்குள் இருந்தால் பொதுவாக 2 வருஷச் சான்றிதழ், 180/110-ஐத் தொட்டால் இறங்கி வரும்வரை வண்டி கிடையாது. நம் படிவத்தில் அப்படி இல்லாததால் ஆளைப் பார்க்காமலே முத்திரை குத்தித் தரும் இடங்களும் இருக்கின்றன. அங்கே வாங்கினால் காகிதம் கிடைக்கும், உங்கள் பிரஷர் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியாது. எங்கள் ஆபீசில் அந்த 180/110 கணக்கையே நான் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் இருந்தால் லோடு ஏற்றிவிட மாட்டேன். முதலாளி முகம் சுளித்தாலும் சரி.

லைசென்ஸ் முடிவதற்கு 1 வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தால், அளவு கூடியிருந்தாலும் டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்க்க அவகாசம் இருக்கும். மாத்திரை அங்கே இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் உங்கள் தெருவுக்கு எப்போது வருகிறார்கள் என்று வீட்டில் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பார்க்கும் முறையில்தான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டி, காலையில் லோடு இறக்கி, கடையில் ஸ்ட்ராங் டீ, ஒரு பீடி, அப்படியே கிளினிக். எண் ஏறித்தான் காட்டும். தூங்கி எழுந்து போங்கள். டீ, காபி, பீடி, ஹான்ஸ் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். பிரஷர் மெஷினின் பட்டையைச் சட்டைமேல் சுற்ற விடாதீர்கள். ஸ்டியரிங் பிடித்துத் திரண்ட கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரிய பட்டை கேளுங்கள். அளக்கும்போது போனும் பேச்சும் வேண்டாம். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே போங்கள். வெறும் உடம்பில் பார்க்கணும் என்று நிறுத்துகிறவர்கள் உண்டு, அது தப்பு.

இடுப்பு வலிக்கு டைக்ளோபெனாக் போட்டு ஓட்டுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். சளிக்கு மூக்கடைப்பு மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் பிரஷரை ஏற்றக்கூடியவை, டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தண்ணி மாத்திரை எழுதிக் கொடுத்தால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். டோல்கேட் வரிசையில் அது பெரும் அவஸ்தை. அதனால் பலர் ஓட்டுகிற நாளில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அட்டெனலால் மாதிரி பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. புது மாத்திரை தொடங்கினால் முதல் சில நாள் ஊரில் இருந்து, படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வண்டி எடுங்கள்.

கேபினில் மாத்திரையை டேஷ்போர்டு மேலோ சாமி படத்துக்குக் கீழோ வைக்காதீர்கள், கண்ணாடி வழியாக வரும் வெயில் அங்கேதான் நேராக விழும். சீட்டுக்குப் பின்னால் துணிப்பையில் போடுங்கள். டிரிப் கணக்குக்கு மேல் பத்து நாளுக்காவது கூடுதலாக இருக்கட்டும். குஜராத்தில் கண்ட்லா துறைமுகத்தில் லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது அது கைகொடுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் மருந்தின் பெயர் ஒன்றுதான். வெளிமாநிலங்களிலும் மக்கள் மருந்தகம் இருக்கிறது, இந்தியில் 'ஜன் அவுஷதி' என்று கேளுங்கள்.

டாபாவில் ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கினாலே உப்பு நன்றாகக் குறையும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஓட்டும்போது நெஞ்சு அடைப்பு, ஒரு பக்கம் கை மரத்துப்போவது, பேச்சு குழறல், பார்வை மங்கல் வந்தால் அடுத்த ஊர்வரை பார்ப்போம் என்று நினைக்காமல் ஓரம் கட்டி ஹசார்டு விளக்கைப் போடுங்கள். 108 அல்லது 112-ஐ அழையுங்கள். எந்த மாத்திரை, எங்கே இருக்கிறது என்பதைக் கூட வரும் டிரைவருக்கோ கிளீனருக்கோ கிளம்பும்போதே காட்டிவிடுங்கள்.